பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது? நானோ உரம் பற்றி ஒரு பாடம்



இம்மாதப் பாடத்தை உரக்கடை வாசலிலிருந்து தொடங்குகிறோம். சம்பா நடவு முடிந்து மேலுரம் இடும் நேரம். யூரியா வாங்கப் போன நம் சகோதரர் ஒருவரிடம் கடைக்காரர், "பாய், ரெண்டு மூட்டைக்கு ஒரு பாட்டில் கட்டாயம் எடுத்துக்கணும். மேலேருந்தே அப்படித்தான் வருது" என்று சொல்லி, ஒரு வெள்ளைப் பாட்டிலை மூட்டை மேல் வைத்திருக்கிறார். சகோதரர் அதை வாங்கி வந்துவிட்டார். அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு, ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் கேட்டார்: "அரை லிட்டர் தண்ணி மாதிரிதான் இருக்கு. இது ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம்னு எழுதியிருக்கு. நம்பலாமா?"

அவர் கேட்டது நம் வட்டாரத்தில் பல வீடுகளின் கேள்வி. சொந்த நிலம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் அதைவிட அதிகம். ஒரு போகத்தில் விளைச்சல் குறைந்தால் குத்தகை நெல்லை அளந்து கொடுப்பதே சிரமமாகிவிடும். வீட்டு வருமானம் குறைவதோடு, களத்து மேட்டில் ஏழைகளுக்கென்று பிரித்து வைக்கும் பங்கும் குறையும். ஆகவே, 'நானோ' என்ற சொல்லைக் கண்டு மயங்காமலும் மிரளாமலும் அது என்ன, நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்யும் என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களைத்தான் நானோ துகள்கள் என்கிறார்கள்.

அவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைவதை நம் பிள்ளைகள் அறிவார்கள். பொடியாக்கினால் வெளியே தெரியும் பரப்பு கூடுகிறது. ஒரு பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள சிறு கட்டியின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதே கட்டியை 1 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக வெட்டினால் மேற்பரப்பு மொத்தம் 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! வேதிவினைகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. அதனால் அதே பொருள் நானோ அளவில் வேகமாகவும் வேறு விதமாகவும் செயல்படுகிறது.

இந்தக் குணம்தான் நானோவின் நன்மைக்கும் காரணம், ஆபத்துக்கும் காரணம். ஒன்றை மறந்துவிடக் கூடாது: சிறிதாக்கினால் பரப்பு கூடும், எடை கூடாது. ஒரு கிராம் எவ்வளவு பொடித்தாலும் ஒரு கிராம்தான். பாட்டிலின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

யூரியாவால் வரும் தொல்லை உண்மையானது

பாட்டிலைப் பற்றிப் பேசுமுன் மூட்டையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். யூரியாவைக் குறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் நாம் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவுகோல். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது பால் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகள். அவர்களின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். வயலில் வீணாகும் யூரியா நம் வீட்டுப் போர்வெல்லுக்கே திரும்பி வருகிறது.

தவிர, 45 கிலோ மூட்டையை நாம் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம் என்றால், அதன் உண்மை விலையின் பெரும்பகுதியை அரசு மானியமாகச் சுமக்கிறது. அது பொதுப்பணம். அதை வாய்க்காலில் விடுவதும் விரயம்தான்.

இந்தச் சூழ்நிலையில்தான் நானோ யூரியா வந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அதை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அறிவித்தது. அதே ஆண்டு இப்கோ கூட்டுறவு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2022 மே மாதம் குஜராத்தின் கலோலில் பெரிய ஆலையைப் பிரதமர் திறந்து வைத்தார். 500 மில்லி பாட்டில் 225 ரூபாய் அளவில் விற்றது. இலைமேல் தெளித்தால் நானோ துகள்கள் இலைத்துளைகள் வழியே நேரே உள்ளே போய்விடும், மண்ணில் வீணாகாது, ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடாகும் என்று சொல்லப்பட்டது. நோக்கத்தில் குறை காண முடியாது. கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு

வீட்டில் ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் தாளும் பேனாவும் கொடுங்கள்.

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது.

முதலில் வந்த நானோ யூரியாவில் தழைச்சத்து 4 சதவீதம். 500 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது.

ஒன்று கிலோக் கணக்கு, இன்னொன்று கிராம் கணக்கு. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூட்டையில் 60 சதவீதம் வீணாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 8 கிலோவுக்கு மேல் பயிருக்குப் போகிறது. பாட்டிலில் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் பயிருக்குக் கிடைப்பது 20 கிராம்தான்.

இனி பயிரின் தேவையைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் இரண்டரை டன் நெல் விளைந்தால் அந்த நெல்மணிகளுக்குள் மட்டும் ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ தழைச்சத்து இருக்கும். அரிசியில் உள்ள புரதம் அதிலிருந்து உருவாவதுதான். அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மண்ணில் ஏற்கனவே இருப்பது, தொழுஉரம், பசுந்தாள் உரம், நாம் இடும் உரம் என்று எல்லாம் சேர்ந்து அதைக் கொடுக்கின்றன. 20 கிராம் அந்தத் தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பின்னர் 20 சதவீதத் தழைச்சத்துடன் 'நானோ யூரியா பிளஸ்' வந்தது. அதிலும் அரை லிட்டரில் 100 கிராம்தான். மூட்டையில் இருப்பதில் இருநூறில் ஒரு பங்கு.

இன்னொரு கணக்கு. இலைவழி உரம் தெளிப்பது நமக்குப் புதிதல்ல. சாதாரண யூரியாவையே 1 சதவீதக் கரைசலாக நம் பெரியவர்கள் தெளித்திருக்கிறார்கள். ஏக்கருக்கு 125 லிட்டர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ யூரியாவைக் கரைத்தால் அதில் 575 கிராம் தழைச்சத்து இருக்கும். மூட்டை விலைப்படி செலவு எட்டு ரூபாய்க்குள். 225 ரூபாய்ப் பாட்டிலில் 20 கிராம். மேலும், யூரியா தண்ணீரில் முழுமையாகக் கரையும் பொருள். கரைந்ததும் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடும். அந்த மூலக்கூறு ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. அப்படியானால் சாதாரண யூரியாக் கரைசலைவிட நானோ துகளுக்கு இலைக்குள் நுழைவதில் என்ன கூடுதல் வசதி என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

வயல் சோதனைகள் சொன்னது

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், வயல் என்ன சொல்கிறது? இரண்டு தரப்பையும் சொல்லிவிடுகிறோம்.

நாடு முழுவதும் 94 பயிர்களில் சுமார் 11,000 விவசாயிகளின் வயல்களில் சோதித்ததில் விளைச்சல் சராசரியாக 8 சதவீதம் கூடியதாக இப்கோ தரப்பு சொன்னது. வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் நடந்த சோதனைகளிலும் யூரியாவை மிச்சப்படுத்தி நல்ல பலன் கிடைத்ததாக மத்திய அரசு தெரிவித்தது.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் நெல்லிலும் கோதுமையிலும் சோதித்தது. பரிந்துரைத்த தழைச்சத்தில் பாதியைக் குறைத்து, அதற்கு ஈடாக நானோ யூரியாவை இரண்டு முறை தெளித்தார்கள். முழு அளவு யூரியா இட்ட வயலோடு ஒப்பிட்டபோது நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை விளைச்சல் 21.6 சதவீதமும் குறைந்திருந்தன. தானியத்தில் உள்ள தழைச்சத்தும் குறைந்திருந்தது. அதாவது சோற்றில் புரதம் குறைவு. 2023இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இந்தக் கூற்றுகளுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று 'பிளான்ட் அண்ட் சாயில்' இதழில் எழுதினார்கள்.

அப்படியானால் பலன் கிடைத்ததாகச் சொல்லும் விவசாயிகள் பொய் சொல்கிறார்களா? இல்லை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம்மில் பலர் தேவைக்கு மேலேயே யூரியா இடுகிறோம். பயிர் கருகருவென்று இருந்தால்தான் மனது நிறைகிறது. இரண்டு மூட்டை போதும் என்ற வயலில் மூன்று மூட்டை போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு மூட்டையைக் குறைத்துப் பாட்டில் தெளித்தால் விளைச்சல் குறையாது. குறைத்தது நல்லது, பெயர் பாட்டிலுக்குப் போகிறது. மண் வளமாக இருந்தால் ஓரிரு போகம் அது தாங்கியும் கொடுக்கும். அதன்பின் சேமிப்பு தீர்ந்த வீடு போல மண் கைவிரித்துவிடும்.

இலங்கையிலிருந்து இரண்டு பாடங்கள்

நம்மில் பலருக்கு உறவுகள் உள்ள இலங்கையில் நானோ உரத்தின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம்.

முதலாவது, 2017இல் இலங்கை விஞ்ஞானிகள் 'ஏசிஎஸ் நானோ' இதழில் வெளியிட்ட ஆய்வு. நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்தை நானோ துகள்களாக்கி, அவற்றின் மேல் யூரியாவைப் படியவைத்தார்கள். ஒரு பங்கு கனிமத்துக்கு ஆறு பங்கு யூரியா. இந்தக் கலவை சாதாரண யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாகத் தண்ணீரில் கரைந்தது. விவசாயிகளின் நெல் வயல்களில் பாதி அளவு யூரியாவிலேயே நல்ல விளைச்சல் தந்ததாக அவர்கள் எழுதினார்கள். இங்கே கணக்கு இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உணவு கிலோக் கணக்கிலேயே இருக்கிறது. நானோ துகள் அதை வீணாகாமல் சிறிது சிறிதாகப் பரிமாறும் வேலையை மட்டும் செய்கிறது.

இரண்டாவது, 2021. அவ்வாண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. பெரும்போகம் தொடங்கியபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் இந்திய விமானப்படை விமானங்கள் 100 டன் நானோ நைட்ரஜன் திரவத்தைக் கொழும்பில் இறக்கின. அது அவசர உதவி. நன்றியோடு நினைக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. சரிவுக்குக் காரணம் திடீர்த் தடை. மூட்டைகள் இல்லாத இடத்தைப் பாட்டில்களால் நிரப்ப முடியவில்லை.

நானோ நன்மை செய்யும் இடங்கள்

இதைப் படித்துவிட்டு நானோ தொழில்நுட்பமே ஏமாற்று என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மிகச் சிறிய அளவே போதுமான வேலைகளில் அதன் பலம் தெரிகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இரும்பு சேர்ந்த நானோ பொருளைக் கொண்டு 'அம்ரித்' என்ற குடிநீர் வடிகட்டியை உருவாக்கியது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்த மேற்கு வங்கம் முதலிய பகுதிகளில் அது பயன்படுகிறது. துகளின் மிகப் பெரிய மேற்பரப்பு நஞ்சைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் சுத்தமாகிறது.

கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்குத் தனித்துறையே இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் 'ஹெக்சனால்' என்ற பொருளை ஆராய்ந்தார்கள். வெட்டிய புல்லில் வரும் வாசனைக்கு இதுவும் ஒரு காரணம், செடிகளே உண்டாக்குவது. அதை நானோ திரவமாக்கி மாங்காய்களில் தெளித்தபோது பழுப்பது தள்ளிப்போனது. எல்லாத் தோட்டமும் ஒரே வாரத்தில் பழுத்து, விலை விழுந்து, லாரி லாரியாகக் கொட்டும் நிலைக்கு இது நல்ல மருந்து. இங்கே பயிருக்கு உணவு ஊட்டவில்லை. ஒரு சைகை கொடுக்கிறோம். சைகைக்குக் கிராம் போதும். உணவுக்குக் கிலோ வேண்டும்.

ஆபத்து எங்கே?

தழைச்சத்து நானோ உரத்தில் நாம் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் பண நட்டமும் விளைச்சல் நட்டமும்தான். யூரியா மண்ணில் சிதைந்துவிடும். உலோக நானோ துகள்கள் அப்படி அல்ல. வெள்ளி, துத்தநாகம், டைட்டானியம், சீரியம் போன்றவை சிதையாமல் தங்கும். இவற்றில் சில பூச்சிக்கொல்லியாகவும் நுண்சத்தாகவும் வயலுக்கு வருகின்றன. சில, துர்நாற்றம் தடுக்கும் துணிகளிலும் பூச்சுகளிலும் இருந்து சாக்கடை வழியாக வருகின்றன.

வெள்ளி கிருமிகளைக் கொல்லும் என்பதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். மண்ணில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. எது நல்லது எது கெட்டது என்று வெள்ளி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு, கழிவுநீர்ச் சேற்று உரத்தோடு மிகக் குறைந்த அளவு நானோ வெள்ளி கலந்து சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டது. ஒரு வகைப் புல்லின் வளர்ச்சி 32 சதவீதம் குறைந்தது. மண்ணின் நுண்ணுயிர்கள் 35 சதவீதம் குறைந்தன. நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றம் நாலரை மடங்கானது. எந்த வாயுவைக் குறைக்க நானோவைத் தேடினோமோ அதே வாயு!

2012இல் கலிபோர்னியாவில் சோயா செடிகளில் நடந்த ஆய்வில், துத்தநாக ஆக்சைடு நானோ துகள் கலந்த மண்ணில் வளர்ந்த செடியின் இலையிலும் பயறிலும் துத்தநாகம் சேர்ந்தது. சீரியம் ஆக்சைடு துகள்கள் அதிகமாக இருந்த மண்ணில் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை ஏறக்குறைய நின்றே போனது. நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு விதைக்கும் நமக்கு இது சிறிய செய்தி இல்லை. அந்த முடிச்சுகள் நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் உர ஆலைகள்.

மூன்றாவது ஆபத்து மூச்சில். எந்த மருந்தானாலும் தெளிக்கும்போது எழும் புகைத்துளிகள் நுரையீரலின் அடிவரை போகும். நானோ துகள் இன்னும் ஆழமாகப் போகக்கூடியது. டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு லுங்கியோடும் வெறும் முகத்தோடும் வயலில் இறங்குபவர் நம் வீட்டுப் பிள்ளையாகவோ கூலிக்கு வந்த சகோதரராகவோ இருக்கிறார். 'இயற்கையானது, பாதுகாப்பானது' என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்ஃபானை ஹெலிகாப்டரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் தெளித்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதிப்பதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பாதுகாப்பானது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு சோதிப்பதன் விலை அது.

நானோ வேளாண் பொருட்களையும் உணவுப் பொருட்களையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2020இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் நானோ பொருள் சேர்த்தால் 'நானோ' என்று அட்டையில் எழுதியாக வேண்டும். வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. நாமும் அதைக் கேட்டுப் பழக வேண்டும்.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

1. பயிருக்கு எத்தனை கிராம் சத்து கிடைக்கிறது? அட்டையில் உள்ள சதவீதத்தைப் பாட்டில் அளவால் பெருக்குங்கள்.

2. இது உணவா, சைகையா, மருந்தா? உணவு என்றால் கிலோக் கணக்கில் இருக்க வேண்டும்.

3. சிதைவதா, தங்குவதா? உலோகம் கலந்திருந்தால் மண்ணுக்குப் பிறகு என்ன ஆகும் என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.

4. விற்பவர் அல்லாத ஒருவர் நம்மைப் போன்ற வயலில் சோதித்திருக்கிறாரா?

கட்டாயப்படுத்தி விற்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். மானிய உரத்தோடு நானோ உரத்தை வலிந்து சேர்த்து விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆகவே, 'கட்டாயம்' என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம், ரசீது கேளுங்கள். ரசீதோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதித் தருகிறோம்.

மூன்று பாத்திச் சோதனை

ஏற்கனவே பாட்டில் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். ஏக்கர் முழுவதும் நம்பி அடிக்கவும் வேண்டாம். ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட வயலில் 5 சென்ட் அளவில் மூன்று பாத்திகளை வரப்பு கட்டிப் பிரியுங்கள்.

முதல் பாத்தியில் வழக்கம்போல் மேலுரம். இரண்டாவதில் மேலுர யூரியாவைப் பாதியாக்கி, நானோ யூரியா தெளியுங்கள். 6 லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி போதும். தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை. மூன்றாவதில் மேலுர யூரியாவைப் பாதியாக்கி, வெறும் தண்ணீரை அதே இரண்டு நாட்களில் தெளியுங்கள். அறுவடையின்போது மூன்றையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள்.

மூன்றும் ஒரே எடை என்றால் நீங்கள் இதுவரை யூரியாவை அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். பாட்டிலும் தேவையில்லை, பாதி யூரியாவும் தேவையில்லை. இரண்டாவது முதலாவதைப் போலவே இருந்து மூன்றாவது மட்டும் குறைந்தால் உங்கள் வயலில் பாட்டில் வேலை செய்கிறது. எங்களுக்கும் வந்து சொல்லுங்கள். இரண்டும் மூன்றும் ஒரே அளவு குறைந்தால் பாட்டில் வெறும் தண்ணீருக்குச் சமம். எல்லாவற்றுக்கும் மூன்றாவது பாத்திதான் சாட்சி. அது இல்லாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

யூரியாவைக் குறைக்க நம் கையில் ஏற்கனவே வழிகள் இருக்கின்றன. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது ஒன்று. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது இன்னொன்று. யூரியா மெதுவாகக் கரைய நம் வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் முறை இது.

மூன்றாவது, இலை வண்ண அட்டை. நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், நன்றாக விரிந்த இளம் இலையை வெயில் படாமல் அட்டையோடு வைத்துப் பாருங்கள். பத்துச் செடிகளில் ஆறோ அதற்கு மேலோ அட்டையில் குறித்த நிறத்தைவிட வெளிறி இருந்தால் மட்டும் யூரியா இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண், மற்ற ரகங்களுக்கு நான்காம் எண். நம் அலுவலகத்தில் அட்டைகள் வைத்திருக்கிறோம். வாங்கிச் சென்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

திண்ணையில் பாட்டிலை வைத்திருந்த சகோதரரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அஞ்சு சென்ட்ல மூணு பாத்தி கட்டிடறேன். எடை போடறப்ப நீங்களும் வரணும்" என்றார். போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

நிலம் நம் கையில் அமானிதம். நமக்குப் பின் அதை உழப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள். புதியது வரும்போது கதவைச் சாத்தவும் வேண்டாம், கண்ணை மூடித் திறக்கவும் வேண்டாம்; அளந்து பார்த்து வாங்குவோம். இந்தப் போகத்தில் மூன்று பாத்திச் சோதனை செய்யும் சகோதர சகோதரிகள் எடைக் குறிப்பைப் பெயருடனோ பெயரில்லாமலோ எங்களிடம் கொடுங்கள். கூடியதும் குறைந்ததும் எதையும் மறைக்காமல், அறுவடைக்குப் பிந்தைய இதழில் வெளியிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.